முதல் குழந்தைக்கு முன் ஒற்றைச் சம்பளம்: எந்தப் பணத்தை எங்கே வைப்பது?

கோவையில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தம்பதியைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். கணவர் கைக்கு வரும் சம்பளம் மாதம் 45,000 ரூபாய், மனைவிக்கு 22,000. நான்காம் மாதம் நடக்கிறது. பிரசவத்துக்கு இன்னும் ஆறு மாதம். குழந்தை பிறந்ததும் மனைவி ஒன்றிரண்டு வருடம் வீட்டில் இருப்பதாகப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள்.

வீட்டுச் செலவு இப்படி: வாடகை 11,000, மளிகை, பால், காய்கறி 10,000, கேஸ், கரண்ட், போன் 2,500, பெட்ரோல் 3,000, பைக் கடன் தவணை 4,200, அதில் இன்னும் 10 தவணை பாக்கி, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 5,000, காப்பீடு 2,000, இதர செலவு 3,000. மொத்தம் 40,700. கணவர் சம்பளத்தில் மிச்சம் 4,300. குழந்தை வந்தபின் டயப்பர், மருத்துவர், தடுப்பூசி, தாய்க்கான கூடுதல் சாப்பாடு என்று சிக்கனமாகப் போட்டாலும் 5,500 ஆகும். மாதம் 1,200 ரூபாய் துண்டு விழுகிறது.

துண்டு சின்னதுதான், சமாளித்துவிடலாம். வீட்டைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வேறொன்று: சேமிப்பு இருக்கிறது, ஆனால் பணம் கட்டவேண்டிய ராத்திரியில் அது சீட்டிலோ நகைக்கடையிலோ ஐந்து வருட வைப்பிலோ மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் கீழே வரும் ஒவ்வொரு தேர்வையும் ஒரே கேள்வியால் அளக்கிறோம். இந்தப் பணம் தேவைப்படும் நாளில், அன்றைக்கே, வெட்டு விழாமல் கைக்கு வருமா? வட்டி எத்தனை சதவீதம் என்பது இந்த ஒன்றரை வருடத்துக்கு இரண்டாம் கேள்விதான்.

வேலையை இப்போதே விடுவதா, விடுமுறையில் போய் அப்புறம் விடுவதா

இந்த ஒரு முடிவில்தான் மிகப் பெரிய தொகை அடங்கியிருக்கிறது. வாந்தி, மயக்கம், பஸ் பயணம் என்று நான்காம் ஐந்தாம் மாதத்திலேயே வேலையை எழுதிக் கொடுத்துவிடும் பெண்கள் பலர். உடல்நிலை காரணமாக மருத்துவரே ஓய்வெடுக்கச் சொன்னால் பேச்சில்லை. மற்றபடி, கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமாக இருந்து, எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுமுறை முழுச் சம்பளத்துடன் உண்டு. 2017 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் நிலை. அந்த 26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம். நமது தம்பதியில் மனைவி பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்புவரை வேலைக்குப் போனால், இன்றிலிருந்து ஏறக்குறைய 12 மாதத்துக்கு 22,000 வரும். மொத்தம் 2,64,000 ரூபாய். இப்போதே விட்டால் அதில் ஒரு ரூபாயும் கிடையாது. வீட்டின் ஆறு மாதச் செலவை விடப் பெரிய தொகை இது.

"திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தும் விடுமுறைச் சம்பளம் வாங்கலாமா" என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குத் திரும்பாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அது அவர் உழைத்துச் சம்பாதித்த உரிமை. அதோடு, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது மனம் மாறவும் செய்யலாம். வேலை கையில் இருந்தால்தான் அந்த வழி திறந்திருக்கும். கர்ப்ப விடுமுறையில் இருப்பவரை வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம். விடுமுறைக் கடிதத்தில் எதிர்பார்க்கும் பிரசவத் தேதி, விடுமுறை தொடங்கும் தேதி இரண்டையும் எழுதி, மின்னஞ்சலில் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தவர்களுக்குத்தான் பின்னால் சிக்கல் வருகிறது.

மொத்தச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குள் வருவார், அங்கேயும் 26 வாரம்தான், ஆனால் பணம் கொடுப்பது இ.எஸ்.ஐ. அலுவலகம். முந்தைய ஓராண்டுக்கான இரண்டு சந்தா காலங்களில் 70 நாளாவது சந்தா போயிருக்கவேண்டும். பத்து பேருக்குக் குறைவான கடை, சின்ன அலுவலகம் என்றால் இந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. அங்கே முதலாளியிடம் பேசி இரண்டு மூன்று மாதச் சம்பளமாவது எழுத்தில் வாங்கப் பாருங்கள்.

வேலையை விடும்போது பி.எஃப். பணத்தை உடனே எடுக்கத் தோன்றும். ஐந்து வருடச் சேவை முடியாமல் எடுத்தால் வரி பிடிக்கும். அதைத் தொடாமல் விட்டால் வட்டி சேர்ந்துகொண்டிருக்கும். மறுபடி வேலைக்குப் போகும்போது அதே எண்ணில் தொடரலாம்.

பிரசவம் எங்கே: அரசு, தனியார், இரண்டும் கலந்து

2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். தனியார் மருத்துவமனை என்று முடிவு செய்தால் பட்ஜெட்டில் சிசேரியன் தொகையைத்தான் எழுதவேண்டும். சுகப்பிரசவத்துக்கான 50,000-ஐ மட்டும் எடுத்து வைப்பது வீண் நம்பிக்கை. கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் நடுத்தரத் தனியார் மருத்துவமனையில் சிசேரியனுக்கு 80,000 முதல் ஒன்றரை லட்சம் வரை கேட்கிறார்கள். ஏழாம் மாதமே மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். மயக்க மருத்துவர் கட்டணம், குழந்தை மருத்துவர் கட்டணம், மருந்து, ரத்தம், அறை வாடகை எத்தனை நாள் ஆகியவை அந்தத் தொகைக்குள் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "பேக்கேஜ்" என்று சொல்லிவிட்டு இவற்றில் இரண்டை வெளியே வைத்திருப்பது சகஜம்.

நிறுவனக் காப்பீடு இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் நான்கு விஷயங்களைப் பார்க்கவேண்டும். முதலாவது, பிரசவத்துக்குத் தனி உச்சவரம்பு: பாலிசி 5 லட்சமாக இருந்தாலும் பிரசவத்துக்கு 50,000 அல்லது 75,000 என்று நிறுத்தியிருப்பார்கள். பில் 1,10,000, வரம்பு 50,000 என்றால் 60,000 உங்கள் கையிலிருந்து. இரண்டாவது, ஸ்கேன், மாதாந்திரப் பரிசோதனை பெரும்பாலும் இதில் சேராது. மூன்றாவது, மனைவியின் நிறுவனக் காப்பீடு அவர் வேலையை விட்ட அன்றே முடிந்துபோகும். அதை நம்பியிருந்தவர் எட்டாம் மாதம் ராஜினாமா செய்தால் கையில் ஒன்றும் இருக்காது. கணவர் பாலிசியில் மனைவி பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கல்யாணமான உடனே சேர்க்காமல் விட்டிருந்தால் பல இடங்களில் அடுத்த புதுப்பிப்புவரை காத்திருக்கவேண்டும். நான்காவது, குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா, இல்லை 90 நாளுக்குப் பிறகா. குறைமாதக் குழந்தையை என்.ஐ.சி.யு. என்ற பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தால் நாளுக்கு ஆயிரக்கணக்கில் ஏறும் பில்லை இந்த ஒரு வரிதான் தீர்மானிக்கும்.

இப்போது புதிதாகத் தனிநபர் மருத்துவக் காப்பீடு எடுத்து இந்தப் பிரசவத்துக்குப் பயன்படுத்த முடியுமா என்றால், முடியாது. பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு; பல பாலிசிகளில் இரண்டு மூன்று வருடம். ஏற்கெனவே உண்டான கர்ப்பத்துக்காக முகவர் ஒருவர் பாலிசி விற்க வந்தால் அந்தப் பணத்தை வங்கியில் போடுங்கள்.

அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம் எல்லாம் இலவசம். வீட்டுக்குக் கொண்டுவிட 102 வாகனம் உண்டு. கூட இருப்பவர் சாப்பாடு, ஆட்டோ, வெளியே வாங்கும் சில்லறைப் பொருள்களுக்கு 5,000 முதல் 10,000 வைத்திருந்தால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பம் என்றால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் ரொக்கமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் கிடைக்கும். 19 வயது முடிந்திருக்கவேண்டும், 12 வாரத்துக்குள் கிராம அல்லது நகர சுகாதார செவிலியரிடம் பதிந்திருக்கவேண்டும். கணவர் இ.எஸ்.ஐ. சந்தாதாரர் என்றால் மனைவியின் பிரசவம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இலவசம், கோவை சிங்காநல்லூரிலும் சென்னை கே.கே. நகரிலும் பெரிய மருத்துவமனைகளே இருக்கின்றன.

எங்கள் தேர்வு கலந்த வழி. மாதாந்திரப் பரிசோதனையை நம்பிக்கையான தனியார் மருத்துவரிடம் வைத்துக்கொண்டாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து ஆர்.சி.எச். எண்ணை, அதாவது கர்ப்பப் பதிவு எண்ணை, வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். குழந்தைக்குத் தீவிர சிகிச்சை நீண்ட நாள் தேவைப்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கு மாறவேண்டி வந்தாலும் பதிவுகள் கையில் இருக்கும். தடுப்பூசிக்கும் இதே யோசனைதான். பி.சி.ஜி., பென்டாவேலன்ட், ரோட்டா, நிமோனியாத் தடுப்பூசி எல்லாம் அரசு அட்டவணையில் இலவசம். தனியாரில் ஒன்றரை மாதத் தவணைக்கு மட்டும் பல ஆயிரம் ஆகும். ஒற்றைச் சம்பள வீட்டில் இதைத் தனியாரில் போட எந்த அவசியமும் இல்லை.

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பதால் செலவும் பெண் வீட்டார் தலையில் என்பது நம் பழக்கம். ஓய்வுபெற்ற தந்தை வட்டிக்கு வாங்கி ஆஸ்பத்திரி பில் கட்டுவது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. வளைகாப்பு, பேறுகாலச் சாப்பாடு, பராமரிப்பு என்று அவர்கள் செய்வதே பெரிது. ஆஸ்பத்திரி பில்லைத் தம்பதி கட்டுவது என்று ஏழாம் மாதத்துக்கு முன்பே இரு வீட்டாரிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வளைகாப்பை மண்டபத்தில் வைத்தால் 100 பேர் சாப்பாட்டுக்கு மட்டும் 25,000 தாண்டும். வீட்டில் கலவை சாதம் கிளறி நெருங்கிய சொந்தத்தோடு செய்தால் மூன்றில் ஒரு பங்கில் முடியும். தாய்வீடு வேறு ஊர் என்றால் அந்த ஊரில் உங்கள் காப்பீட்டில் பணமில்லாச் சிகிச்சை (கேஷ்லெஸ்) தரும் மருத்துவமனைப் பட்டியலை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

இரண்டாம் சம்பளத்தை எங்கே போடுவது

மனைவியின் 22,000-ஐ இந்த மாதத்திலிருந்தே வீட்டுச் செலவில் கலக்காமல் தனியே எடுத்து வைப்பதுதான் முதல் வேலை. ஒற்றைச் சம்பளத்தில் வாழ்க்கை ஓடுமா என்பது பிரசவத்துக்கு முன்பே தெரிந்துவிடும். ஓடவில்லை என்றால் வாடகை, பெட்ரோல் எதையாவது மாற்ற இன்னும் அவகாசம் இருக்கும். பிரசவத்துக்குள் கையில் சேர்வது 1,30,000 சுற்று. இந்தத் தொகைக்குப் போட்டியிடும் இடங்கள் ஐந்து.

ஸ்வீப் வசதியுள்ள (கூடுதல் பணம் தானாக வைப்பாக மாறும்) சேமிப்புக் கணக்கு, அல்லது 6 மாத, 12 மாத வங்கி வைப்பு. வட்டி சுமார்தான், முன்கூட்டி உடைத்தால் பெரும்பாலும் அரை முதல் ஒரு சதவீத வட்டி குறையும், அசலில் கை வைக்கமாட்டார்கள். பல வங்கிகளில் ராத்திரி இரண்டு மணிக்கும் செயலியில் உடைத்து எடுக்கலாம். ஆனால் பணம் கணக்கில் இருந்தும் கட்டமுடியாமல் போவதுண்டு. வழக்கமான யு.பி.ஐ. வரம்பு நாளுக்கு ஒரு லட்சம். மருத்துவமனைக்கு 5 லட்சம் வரை அனுமதி உண்டு என்றாலும் உங்கள் வங்கி குறைவாக வைத்திருக்கலாம். டெபிட் கார்டின் தேய்ப்பு வரம்பை ஒன்பதாம் மாதம் கூட்டி வையுங்கள். ரொக்கமாக 10,000 வீட்டில் இருக்கட்டும்.

தபால் நிலைய ஆர்.டி. மிகப் பாதுகாப்பானது, ஆனால் இந்தத் தேவைக்குப் பொருந்தாது. ஐந்து வருடத் திட்டம். மூன்று வருடம் முடியாமல் மூடமுடியாது, 12 தவணை கட்டியபின்தான் பாதித் தொகைவரை கடன். அதைக் குழந்தை பிறந்தபின் நீண்ட காலச் சேமிப்பாகத் தொடங்கலாம். பெண் குழந்தை என்றால் அதற்கும் முன்பாகச் செல்வமகள் சேமிப்புத் திட்டம், வருடத்துக்கு 250 ரூபாயிலிருந்தே.

சீட்டு. 20 மாதம், மாதம் 5,000, ஒரு லட்சச் சீட்டு என்று வைப்போம். ஆறாம் மாதம் எடுக்கவேண்டுமென்றால் ஏலத்தில் 20,000, 25,000 தள்ளி எடுக்க நேரும். எடுத்தபின் ஜாமீன்தாரர்கள் கையெழுத்துப் போட்டு, ஆவணங்கள் சரிபார்த்துப் பணம் கைக்கு வர வாரங்கள் ஆகலாம். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சம்பளம் ஒன்றாகக் குறைந்த பிறகும் மீதி 14 மாதம் 5,000 கட்டியாகவேண்டும். நமது தம்பதியின் மிச்சமே 4,300. பதிவு செய்த சீட்டு நிறுவனமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பதிவில்லாத தெருச் சீட்டு என்றால் பேசவே வேண்டாம். ஏற்கெனவே பாதி கட்டியிருக்கிற சீட்டு வேறு விஷயம். அதைத் தொடர்ந்து கட்டி, கடைசிப் பகுதியில் எடுங்கள்.

தங்கம். நகைக்கடையின் 11 மாதத் திட்டத்தில் முடிவில் கிடைப்பது நகை, பணம் இல்லை. அதிலும் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. கணக்குகள் உண்டு. வங்கியில் வாங்கிய தங்கக் காசை வங்கி திரும்ப வாங்காது. புதிதாகத் தங்கம் சேர்க்க இது காலமல்ல. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நகை மட்டும் மூன்றாம் வரிசைப் பாதுகாப்பு. பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ அடமானம் வைத்தால் அன்றே பணம் கிடைக்கும், வட்டியும் தெருமுனை அடகுக்கடையை விட மிகக் குறைவு. அந்தக் கிளையில் முன்கூட்டியே ஒரு கணக்கு இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

கடனை முந்தி அடைப்பது. கிரெடிட் கார்டு பாக்கி சுழன்றுகொண்டிருந்தால் வட்டி வருடத்துக்கு 36 முதல் 42 சதவீதம். அதை முதல் மாதமே முழுதாக அடையுங்கள், மற்ற எல்லாம் அப்புறம். வீட்டுக்கடனில் கூடுதலாகக் கட்டினால் அந்தப் பணம் திரும்ப வராது. இந்த ஒன்றரை வருடம் அது வேண்டாம். பைக் கடன் கொஞ்சம் யோசிக்கவேண்டியது. 40,000 கொடுத்து முடித்தால் மாதம் 4,200 விடுதலையாகும், 1,200 துண்டும் மறையும். பார்க்க அழகான யோசனை. ஆனால் மனைவியின் சம்பளம் இன்னும் 12 மாதம் வரப்போகிறது, பாக்கி 10 தவணைதான். சம்பளம் நிற்பதற்கு முன்பே கடன் தானாக முடிந்துவிடும். அதற்குள் 40,000-ஐக் கொட்டினால் ஆஸ்பத்திரிப் பணத்தில் ஓட்டை விழும். வேலையை விட்டுவிட்ட வீட்டிலோ 20 தவணை பாக்கி உள்ள வீட்டிலோ இதே கேள்விக்கு விடை மாறும். அங்கே பிரசவம் முடிந்து, மிச்சம் தெரிந்தபின் அடைப்பது நல்லது.

ஆக, பிரசவத்துக்குள் சேரும் 1,30,000 ஆஸ்பத்திரிக்கு. காப்பீடு ஒரு பங்கைத் தருவதால் அதில் மிஞ்சுவதும், பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரும் 1,32,000-ம் அவசர நிதி. நான்கு மாதச் செலவுக்கு ஏறக்குறைய 1,60,000 கையில் இருக்கும்போது மனைவியின் சம்பளம் நிற்கும். அன்றைக்குப் பைக் தவணையும் இருக்காது. 4,300-உம் 4,200-உம் சேர்ந்து 8,500, குழந்தைச் செலவு 5,500 போக 3,000 மீதி.

கணக்கு யார் பெயரில்

எல்லாப் பணமும் கணவர் கணக்கில் இருந்து, மனைவி ஒவ்வொரு செலவுக்கும் கேட்டு வாங்கும் ஏற்பாடு எளிதுதான். அவசரத்தில் அது உடையும், மனசுக்கும் நல்லதில்லை. நேற்றுவரை சம்பாதித்தவர் கைக்குழந்தையோடு உட்கார்ந்து பால் பாக்கெட்டுக்குக் கணக்குச் சொல்ல வைக்கக்கூடாது. இருவரில் யாரும் இயக்கலாம் என்ற முறையில் ஒரு கூட்டுக் கணக்கு திறந்து, சம்பளம் வந்த மறுநாள் 38,000 தானாக அங்கே போகும்படி உத்தரவு கொடுங்கள். மனைவி போன் எண்ணிலும் யு.பி.ஐ. இயங்கட்டும். அவசர நிதியும் இருவர் பெயரிலேயே. அதற்கு வெளியே, கேள்வி கேட்காத ஒரு சிறு தொகை மாதாமாதம் மனைவியின் சொந்தக் கணக்குக்கு.

சம்பாதிப்பவருக்கு ஏதாவது ஆனால்

ஒற்றைச் சம்பள வீட்டுக்கு டெர்ம் காப்பீடு (சேமிப்பு இல்லாமல், இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) குழந்தை பிறப்பதற்கு முன்பே எடுக்கவேண்டியது. ஆண்டு வருமானம் 5,40,000 என்றால் 60 முதல் 75 லட்சத்துக்கு எடுக்கலாம். 30 வயது, புகைப்பழக்கம் இல்லாதவருக்கு ஆண்டுப் பிரீமியம் ஏறக்குறைய பத்தாயிரம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.-யும் இல்லை. இதே நேரத்தில் "குழந்தை படிப்புத் திட்டம்" என்று சேமிப்புக் காப்பீட்டை நீட்டுவார்கள். வருடம் 50,000 கட்டி ஆறேழு லட்சப் பாதுகாப்பு வாங்குவது இந்த வீட்டுக்கு இரட்டை நஷ்டம்: பாதுகாப்பும் போதாது, பணமும் மாட்டிக்கொள்ளும். டெர்ம் விண்ணப்பத்தில் 1874-ம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் வேண்டுமா என்ற கட்டம் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தொகை மனைவி மக்களுக்கே. கடன்காரர்கள் உரிமை கோரமுடியாது. பாலிசி வந்தபின் அதைச் சேர்க்க வழியில்லை.

குழந்தை பிறந்ததும் மூன்று வேலைகள் தேதிக்குக் கட்டுப்பட்டவை. 21 நாளுக்குள் பிறப்புப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் முடிவாகாவிட்டாலும் பதிவு நடக்கலாம், பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். கணவர் நிறுவனக் காப்பீட்டில் குழந்தையைச் சேர்க்கும் மின்னஞ்சலை, பல நிறுவனங்களில் 30 நாள்தான் அவகாசம் என்பதால், டிஸ்சார்ஜ் சுருக்கத்தை இணைத்து முதல் வாரமே அனுப்புங்கள். மனைவியின் நிறுவனத்துக்குப் பிரசவச் சான்றை அனுப்புங்கள். விடுமுறைச் சம்பளத்தின் மீதிப் பகுதி அதை வைத்துத்தான் வரும்.